ஜிபியு இல்லாத ஆபீஸ் லேப்டாப்பில் ஏஐ ஓடுமா? ஓடும், ஆனால் தமிழுக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கு

சித்தூரில் ஒரு வக்கீல் ஆபீஸில் ஜூனியராக இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேஜை மேல் ஒரு நிலத் தகராறு. தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம் தமிழில் இருக்கிறது. அடங்கலும் வில்லங்கச் சான்றும் தெலுங்கில். கோர்ட் உத்தரவு ஆங்கிலத்தில்.

இந்தப் பக்கத்தில் இது அதிசயம் இல்லை. 1911இல் உருவான சித்தூர் மாவட்டம் அப்போது மெட்ராஸ் மாகாணத்தில் இருந்தது. திருத்தணி பகுதி தமிழ்நாட்டுடன் சேர்ந்ததே 1960இல்தான். மாநில எல்லை மாறினாலும் வீட்டுப் பெட்டியில் இருக்கும் பத்திரத்தின் மொழி மாறாது இல்லையா?

"எல்லாத்தையும் படிச்சு, தேதிவாரியா தமிழ்ல ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க. சாயங்காலம் கட்சிக்காரர் வர்றார்" என்கிறார் சீனியர். உங்கள் கை தானாக ஏதாவது ஒரு ஏஐ இணையதளத்தைத் தேடிப் போகும். ஆனால் காலையில் அதே கட்சிக்காரர் சொன்னது நினைவுக்கு வருகிறது: "சார், இந்தப் பேப்பரை வெளியே யார்கிட்டயும் காட்டிடாதீங்க."

அவர் பயம் வெறும் பயம் இல்லை. ஏஐ இணையதளத்தில் நீங்கள் ஏற்றும் பத்திரம், யாரோ ஒருவரின் சர்வருக்குப் போகிறது. ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றைத் தவிர்க்கும்படி மத்திய நிதி அமைச்சகமே 2025 ஜனவரியில் தன் ஊழியர்களுக்கு அறிவுறுத்தியது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக அமலுக்கு வருகின்றன. போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் தகவல் கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

அப்படியென்றால் ஏஐயை நம் கம்ப்யூட்டருக்கே கொண்டுவந்துவிட்டால்? ஆபீஸில் இருப்பதோ 16 ஜிபி ரேம் உள்ள ஒரு சாதாரண லேப்டாப். ஜிபியு, அதாவது கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. அதில் ஓடுமா?

ஓடும். எவ்வளவு வேகமாக ஓடும், எங்கே திணறும், தமிழிலும் தெலுங்கிலும் ஏன் கூடுதலாகத் திணறும் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

ஜிபியு இல்லாமல் ஓட்டும் யோசனை எங்கிருந்து வந்தது?

பெரிய மொழி மாடல் என்பது கடைசியில் ஒரு ஃபைல். அதற்குள் இருப்பவை எண்கள். '8 பில்லியன் மாடல்' என்றால் 800 கோடி எண்கள். நீங்கள் கேள்வி கேட்கும்போது இந்த எண்களை வைத்துப் பெருக்கல், கூட்டல் செய்துதான் பதில் வருகிறது. அந்தக் கணக்கை ஜிபியு வேகமாகச் செய்யும். ஆனால் எந்த ப்ராசஸராலும் செய்ய முடியும்.

மெட்டா நிறுவனம் 2023 பிப்ரவரியில் தன் லாமா மாடலை வெளியிட்டது. அடுத்த மாதமே, பல்கேரியாவைச் சேர்ந்த ஜார்ஜி கெர்கனோவ் என்ற புரோகிராமர் அதைச் சாதாரண லேப்டாப் ப்ராசஸரில் ஓட்டிக் காட்டும் இலவச மென்பொருளை வெளியிட்டார். லாமா.சிபிபி என்பது அதன் பெயர். இன்று பலரும் பயன்படுத்தும் ஒல்லாமா, எல்எம் ஸ்டுடியோ போன்ற செயலிகள் இந்த மென்பொருளை அடித்தளமாக வைத்து வளர்ந்தவைதான்.

நம் பக்கத்திலும் இந்த முயற்சி நடக்கிறது. 2025 ஏப்ரலில் ஐஐடி மெட்ராஸும் ஜிரோ லேப்ஸ் நிறுவனமும் சேர்ந்து 'காம்பாக்ட் ஏஐ' என்ற தளத்தை அறிமுகம் செய்தன. லாமா, டீப்சீக், க்வென் போன்ற மாடல்களை ஜிபியு இல்லாமல் சிபியுவிலேயே ஓட்ட முடியும் என்பதுதான் அவர்கள் முன்வைத்தது. ஏர்ப்பேட்டில் இருக்கும் ஐஐடி திருப்பதி 2015இல் தொடங்கியபோது அதற்கு வழிகாட்டிய நிறுவனமும் ஐஐடி மெட்ராஸ்தான். ஆகவே இது எங்கோ கலிஃபோர்னியாவில் நடக்கும் சமாச்சாரம் இல்லை.

இதற்கு ஏன் இவ்வளவு அக்கறை? காரணம், செலவு. இந்தியாஏஐ திட்டத்துக்காக மத்திய அமைச்சரவை 2024 மார்ச்சில் சுமார் 10,372 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதில் பெரிய பங்கு, ஜிபியு போன்ற கணினித் திறனைத் திரட்டுவதற்கு. ஆனால் ஒரு சின்ன ஆபீஸுக்கோ மாவட்டக் கல்லூரிக்கோ ஏற்கெனவே மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டர் எதற்கு உதவும் என்பதுதான் முதல் கேள்வி.

சிபியு எங்கே திணறுகிறது?

பலர் நினைப்பது, 'ப்ராசஸருக்குக் கணக்குப் போடும் வேகம் போதாது' என்று. பாதி மட்டுமே சரி. பதில் எழுதும்போது பெரும்பாலும் தடையாக இருப்பது வேறு ஒன்று. அதைப் புரிந்துகொள்ள திருமலைக்குப் போகலாம்.

மலை மேல் ஒரு மடைப்பள்ளி. எட்டு சமையல்காரர்கள். கடலை மாவு, சர்க்கரை, நெய் எல்லாம் கீழே திருப்பதியில் ஒரு கிடங்கில் இருக்கின்றன. மேலே வைத்துக்கொள்ள இடம் இல்லை. ஒவ்வொரு லட்டு பிடிக்கும்போதும் கிடங்கில் இருக்கும் அத்தனை மூட்டையும் மலைப்பாதையில் ஒருமுறை மேலே வந்தாக வேண்டும் என்று ஒரு விசித்திரமான விதி இருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். இப்போது சமையல்காரர்களை எட்டிலிருந்து பதினாறாக்கினால் லட்டு வேகமாக வருமா? வராது. லாரி வரும்வரை பதினாறு பேரும் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்கள்.

கம்ப்யூட்டரில் கிடங்குதான் ரேம். சமையல்காரர்கள் ப்ராசஸரின் கோர்கள். லட்டு என்பது ஒரு டோக்கன், அதாவது மாடல் ஒரு தடவைக்கு எழுதும் சொல் அல்லது சொல்லின் துண்டு. ஒவ்வொரு டோக்கன் எழுதும்போதும் மாடலின் எல்லா எண்களும் ரேமிலிருந்து ப்ராசஸருக்கு ஒருமுறை வந்துபோக வேண்டும். ஆகவே மலைப்பாதையின் அகலம்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. அதற்கு மெமரி பேண்ட்விட்த் என்று பெயர்.

கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். டிடிஆர்4-3200 வகை ரேம் இரண்டு போட்ட லேப்டாப்பில் இந்தப் பாதையின் உச்ச அளவு வினாடிக்கு 51.2 ஜிபி. மாடலின் ஃபைல் 5 ஜிபி என்றால், 51.2ஐ ஐந்தால் வகுத்தால் வினாடிக்குச் சுமார் 10 டோக்கன். இது மேல் வரம்பு. நிஜத்தில் இதைவிடக் குறைவாகவே கிடைக்கும். என்விடியாவின் எச்100 ஜிபியுவில் இதே பாதை வினாடிக்கு 3,350 ஜிபி. அதாவது சுமார் 65 மடங்கு. ஜிபியுவுக்கு ஏன் இவ்வளவு விலை என்பதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

இந்த ஒரு வகுத்தல் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லா உத்தியும் இதிலிருந்துதான் பிறக்கிறது.

முதல் உத்தி: மூட்டையைச் சின்னதாக்குவது

பாதையை அகலமாக்க முடியாவிட்டால் சுமையைக் குறைக்கலாம். இதற்குப் பெயர் குவாண்டைசேஷன்.

வழக்கமாக மாடலின் ஒவ்வொரு எண்ணும் 16 பிட், அதாவது 2 பைட் இடம் பிடிக்கும். 800 கோடி எண்கள் என்றால் 16 ஜிபி. உங்கள் லேப்டாப்பின் மொத்த ரேமே அவ்வளவுதான். விண்டோஸுக்குக்கூட இடம் மிஞ்சாது. ஆனால் ஒவ்வொரு எண்ணையும் தோராயமாக்கி 4 பிட்டில் எழுதினால்? 2024 ஜூலையில் வந்த லாமா 3.1இன் 8 பில்லியன் மாடல், பரவலாகப் பயன்படும் 4-பிட் வடிவத்தில் சுமார் 4.9 ஜிபிதான். ரேமிலும் அடங்கும், வேகமும் மூன்று மடங்குக்கு மேல் கூடும்.

ஒரு ஒப்பீடு சொல்வதென்றால், நகைக்கடைத் தராசில் மில்லிகிராம் வரை எடை போட்டதை, மளிகைக்கடைத் தராசில் போட்ட மாதிரி. ஒவ்வொரு எண்ணிலும் சின்னப் பிழை வரும். ஆனால் கோடிக்கணக்கான எண்கள் சேர்ந்து ஒரு முடிவுக்கு வருவதால், பெரும்பாலும் பதில் கெட்டுப்போவதில்லை. 4 பிட்டுக்குக் கீழே இறங்கினால்தான் தரம் வேகமாகச் சரியத் தொடங்கும். சின்ன மாடல்களில் அந்தச் சரிவு இன்னும் சீக்கிரம் தெரியும்.

வேறொரு வழியும் இருக்கிறது. முழு மாடலைப் பிறகு சுருக்குவதற்குப் பதில், பயிற்சியின்போதே சின்ன எண்களில் வளர்ப்பது. மைக்ரோசாஃப்ட் 2025 ஏப்ரலில் வெளியிட்ட பிட்நெட் மாடலில் ஒவ்வொரு எண்ணும் மைனஸ் 1, 0, பிளஸ் 1 என்ற மூன்றில் ஒன்றுதான். பெருக்கலே தேவைப்படாது, கூட்டலும் கழித்தலும் போதும். 200 கோடி எண்கள் கொண்ட அந்த மாடலுக்கு அவர்கள் சொல்லும் நினைவகத் தேவை சுமார் 0.4 ஜிபி. இது இன்னும் ஆராய்ச்சி நிலையில் இருப்பது. ஆனால் சிபியுவை மனதில் வைத்து மாடலை வடிவமைத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்று காட்டுகிறது.

இரண்டாவது உத்தி: பாதையை இரட்டிப்பாக்குவது

இது பலருக்கும் தெரியாத விஷயம். உங்கள் லேப்டாப்பில் 16 ஜிபி ரேம் ஒரே துண்டாக இருக்கிறதா, இரண்டு 8 ஜிபி துண்டுகளாக இருக்கிறதா?

ஒரே துண்டு என்றால் மேலே சொன்ன 51.2 ஜிபி கிடைக்காது. அதில் பாதி, 25.6 ஜிபிதான். அதே மாடல் வினாடிக்கு 10 டோக்கனுக்குப் பதில் 5 டோக்கனில் நிற்கும். மலிவு விலை லேப்டாப்கள் பலவும் ஒரே துண்டோடுதான் வருகின்றன. காலியாக ஒரு ஸ்லாட் இருந்தால், அதே அளவில் இன்னொரு துண்டு வாங்கிப் போடுவதுதான் நீங்கள் செய்யக்கூடிய மலிவான மேம்பாடு. புது ப்ராசஸர் வாங்குவதைவிட இது அதிகம் உதவும்.

அதேபோல, செயலியில் த்ரெட் எண்ணிக்கையை உச்சத்தில் வைத்தால் வேகம் கூடும் என்று நினைக்காதீர்கள். நிஜமான கோர்களின் எண்ணிக்கை அளவுக்கு வைத்துத் தொடங்குங்கள். அதற்கு மேல் கூட்டினால் சில நேரம் வேகம் குறையவும் செய்யும். சமையல்காரர்கள் கதைதான்.

கல்லூரியிலோ கம்பெனியிலோ சர்வர் இருந்தால் நிலைமை இன்னும் மேல். 2023 ஜனவரியில் வந்த இன்டெலின் நான்காம் தலைமுறை ஜியான் ப்ராசஸரில் எட்டுப் பாதைகள், மொத்தம் வினாடிக்கு 307 ஜிபி. இந்த மாதிரி மாடல் கணக்குகளுக்கென்றே தனிப் பகுதியும் அதன் உள்ளே உண்டு.

மூன்றாவது உத்தி: எல்லாரையும் எழுப்பாமல் இருப்பது

'மிக்ஸ்ச்சர் ஆஃப் எக்ஸ்பர்ட்ஸ்' என்று ஒரு வகை மாடல் இருக்கிறது. மாடல் பெரியது, ஆனால் ஒவ்வொரு டோக்கனுக்கும் அதன் ஒரு சிறு பகுதிதான் வேலை செய்யும். கிடங்கு பெரியதாக இருந்தாலும், இந்த லட்டுக்குத் தேவையான மூட்டைகள் மட்டும் மேலே வந்தால் போதும்.

ஓபன்ஏஐ 2025 ஆகஸ்டில் இலவசமாக வெளியிட்ட ஜிபிடி-ஓஎஸ்எஸ் 20பி மாடலில் மொத்தம் 2,100 கோடி எண்கள். ஒரு டோக்கனுக்கு வேலை செய்வது 360 கோடி மட்டும். 4 பிட் கணக்கில் அது சுமார் 2 ஜிபி. நம் வகுத்தல் கணக்கைப் போடுங்கள்: 51.2ஐ இரண்டால் வகுத்தால் வினாடிக்கு 25 டோக்கன் வரை. 8 பில்லியன் மாடலைவிடப் பெரிய மாடல், அதைவிட வேகமாக எழுதுகிறது!

ஆனால் கிடங்கில் இடம் வேண்டும். இதன் ஃபைலே 13 ஜிபிக்குப் பக்கம். 16 ஜிபி லேப்டாப்பில் பிரவுசர், எக்செல், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் மூடினால்தான் நிம்மதியாக ஓடும். ரேம் பற்றாமல் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுக்கத் தொடங்கினால் 'சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு' என்று சொல்ல வேண்டியதுதான்.

பெரிய பத்திரத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்?

இதுவரை பேசியது மாடல் எழுதும் வேகம். படிக்கும் வேகம் வேறு.

நீங்கள் கொடுக்கும் பத்திரத்தை மாடல் மொத்தமாகப் படிக்கும். மூட்டைகள் ஒருமுறை மேலே வந்தால் நூற்றுக்கணக்கான லட்டு பிடித்துவிடலாம். ஆகவே இங்கே மலைப்பாதை தடையில்லை. இப்போதுதான் சமையல்காரர்கள் போதவில்லை. 8 பில்லியன் மாடலுக்கு ஒரு டோக்கன் படிக்கச் சுமார் 1,600 கோடி கணக்குகள். 4,000 டோக்கன் உள்ள பத்திரம் என்றால் 64 லட்சம் கோடி. ஜிபியுவுக்கு இது கண் இமைக்கும் நேரம். சாதாரண லேப்டாப்புக்கு இது நிமிடக்கணக்கில் பிடிக்கும் வேலை. முதல் சொல் திரையில் வரும்வரை நீங்கள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

படித்ததை நினைவில் வைத்துக்கொள்ளவும் இடம் வேண்டும். லாமா 3.1 8 பில்லியன் மாடலில் ஒரு டோக்கனுக்கு 128 கேபி. 8,192 டோக்கன் என்றால் ரேமில் கூடுதலாக 1 ஜிபி.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. பத்திரத்தை முதலில் போடுங்கள், கேள்வியைக் கடைசியில் கேளுங்கள். அடுத்த கேள்வியையும் அதே உரையாடலில் தொடருங்கள். ஏற்கெனவே படித்ததைச் செயலி நினைவில் வைத்திருப்பதால், இரண்டாவது கேள்விக்கு மறுபடி முதலிலிருந்து படிக்காது. ஒவ்வொரு கேள்விக்கும் புது உரையாடல் தொடங்கினால் ஒவ்வொரு முறையும் அந்த டீ நேரம் காத்திருக்க வேண்டும்.

தமிழுக்கு ஏன் தனிக் கணக்கு?

இங்கேதான் நம் விஷயம் வருகிறது. வேகத்தை 'வினாடிக்கு இத்தனை டோக்கன்' என்று சொன்னோம். ஆனால் நீங்கள் படிப்பது டோக்கனை இல்லை, வாக்கியத்தை. ஒரு வாக்கியத்துக்கு எத்தனை டோக்கன் என்பது மொழிக்கு மொழி மாறும்.

'திருப்பதி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் இதை எழுத்தும் குறியீடுமாக 9 அலகுகளாகச் சேமிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 3 பைட். மொத்தம் 27 பைட். அதே ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் 8 பைட்தான். மாடலை உருவாக்குபவர்கள், தங்களிடம் உள்ள எழுத்துக் குவியலில் அடிக்கடி வரும் துண்டுகளைச் சேர்த்து ஒரு சொற்பட்டியல் தயாரிப்பார்கள். அந்தக் குவியலில் ஆங்கிலம் நிறைய, தமிழ் கொஞ்சம் என்றால், ஆங்கிலச் சொற்கள் முழுசாகப் பட்டியலில் ஏறும். தமிழ்ச் சொற்கள் துண்டுதுண்டாகச் சிதறும்.

எவ்வளவு சிதறும்? ஓபன்ஏஐ 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ மாடலை அறிமுகம் செய்தபோது ஒரு ஒப்பீட்டை வெளியிட்டது. ஒரே செய்தி, பழைய சொற்பட்டியலில் ஆங்கிலத்துக்கு 27 டோக்கன், தமிழுக்கு 116, தெலுங்குக்கு 159. புதிய பட்டியலில் ஆங்கிலம் 24, தமிழ் 35, தெலுங்கு 45.

இதை உங்கள் லேப்டாப்பில் வைத்துப் பாருங்கள். வினாடிக்கு 10 டோக்கன் எழுதும் மாடல், பழைய மாதிரிப் பட்டியலில் அந்தத் தமிழ்ச் செய்தியை எழுத 11.6 வினாடி எடுக்கும். புதிய பட்டியலில் 3.5 வினாடி. லேப்டாப் அதே, டோக்கன் வேகமும் அதே, ஆனால் காத்திருக்கும் நேரம் மூன்றில் ஒரு பங்கு. படிக்கும் நேரமும் நினைவில் வைக்க வேண்டிய இடமும்கூட இதே விகிதத்தில் குறையும். பெரிய ஜிபியு சர்வரில் இந்த வித்தியாசம் உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். சிபியுவில் ஒவ்வொரு டோக்கனுக்கும் நீங்கள் காத்திருக்கிறீர்கள்.

ஆகவே மாடல் தேர்ந்தெடுக்கும்போது 'எத்தனை பில்லியன்' என்று மட்டும் பார்க்காதீர்கள். 'தமிழை எத்தனை துண்டாக வெட்டுகிறது' என்றும் பாருங்கள். கூகுள் 2025 மார்ச்சில் வெளியிட்ட ஜெம்மா 3, சுமார் 2,62,000 துண்டுகள் கொண்ட பெரிய பட்டியலோடு வருகிறது. பெங்களூருவின் சர்வம் நிறுவனம் 2024 அக்டோபரில் வெளியிட்ட சர்வம்-1, தமிழும் தெலுங்கும் உட்படப் பத்து இந்திய மொழிகளுக்காக வடிவமைக்கப்பட்டது. ஒரு சொல்லுக்கு 1.4 முதல் 2.1 டோக்கன் என்கிறது அந்த நிறுவனம். ஆனால் அது உரையாடலுக்குப் பழக்கப்படாத அடிப்படை மாடல் என்பதையும் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன ஜிபிடி-ஓஎஸ்எஸ், ஜிபிடி-4ஓவின் புதிய பட்டியலைச் சார்ந்தது. ஆனால் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பயிற்சி பெற்றது. பட்டியல் நன்றாக இருப்பது வேறு, தமிழ் நன்றாக வருவது வேறு.

சுருக்கும்போது தமிழ் அதிகம் அடிபடுமா?

அடிபடலாம். குவாண்டைசேஷனால் தரம் பெரிதாகக் குறையாது என்று மேலே சொன்னோம். அந்த முடிவுக்கு அடிப்படையான சோதனைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தவை.

கோஹியர் நிறுவன ஆராய்ச்சியாளர்கள் 2024இல் இதைப் பல மொழிகளில் சோதித்தார்கள். ரோமன் எழுத்தில் எழுதப்படாத மொழிகள்தான் அதிகம் பாதிக்கப்படுகின்றன என்பது அவர்கள் கண்டது. இன்னொன்றும் கண்டார்கள். ஜப்பானிய மொழியில், தானியங்கிச் சோதனைகள் சராசரியாக 1.7% தரக் குறைவைத்தான் காட்டின. அதே மொழி பேசும் மனிதர்கள் நிஜமான கேள்விகளுக்கான பதில்களைப் படித்து மதிப்பிட்டபோது 16% குறைவு தெரிந்தது.

தமிழ் அந்த ஆய்வின் மொழிகளில் ஒன்று இல்லை. ஆனால் ரோமன் எழுத்தில் இல்லாத, இணையத்தில் ஆங்கிலத்தைவிடப் பல மடங்கு குறைவாக இருக்கும் நம் மொழிக்கு இது ஓர் எச்சரிக்கை. '4 பிட்டில் தரம் குறையவே இல்லை' என்று எங்காவது மதிப்பெண் பட்டியல் பார்த்தால், அது எந்த மொழியில் எடுத்த மதிப்பெண் என்று கேளுங்கள்.

நீங்களே எப்படிச் சோதிப்பது?

ஒரு சாயங்காலம் போதும். கட்சிக்காரர் பத்திரத்தில் ஆரம்பிக்க வேண்டாம். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த, விடை தெரிந்த ஒரு பழைய ஆவணத்தை எடுங்கள். ஸ்கேன் செய்த படம் என்றால் முதலில் அதை எழுத்தாக மாற்றிச் சரிபார்க்க வேண்டும். அங்கே ஒரு சர்வே நம்பர் தப்பானால் பிறகு எந்த மாடலாலும் காப்பாற்ற முடியாது.

முதல் சோதனை, நிஜமாகவே உள்ளூரில்தான் ஓடுகிறதா? மாடலை இறக்கிய பிறகு வைஃபையை அணைத்துவிட்டுக் கேள்வி கேளுங்கள். பதில் வந்தால் சரி. இப்போது சில செயலிகள் தொலைவில் இருக்கும் சர்வரில் ஓடும் மாடல்களையும் அதே பட்டியலில் காட்டுகின்றன. அதனால்தான் இந்தச் சோதனை அவசியம்.

இரண்டாவது, பெயர், தேதி, தொகை, சர்வே நம்பர் ஆகியவற்றை மட்டும் பட்டியலிடச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

மூன்றாவது, ஆவணத்தில் இல்லாத ஒன்றைக் கேளுங்கள். 'சாட்சிக் கையெழுத்துப் போட்டவரின் தொழில் என்ன?' மாதிரி. 'இல்லை' என்று சொல்லும் மாடலை வைத்துக்கொள்ளலாம். கூசாமல் ஏதாவது ஒரு தொழிலைச் சொல்லும் மாடலை விட்டுவிடுங்கள்.

நான்காவது, ஒரே மாடலின் 4-பிட், 8-பிட் வடிவங்களை ஒரே கேள்வியோடு ஓட்டுங்கள். தமிழ் வாக்கியத்தில் வேற்றுமை உருபு தடுமாறுகிறதா, 'வாங்கியவர்' 'விற்றவர்' ஆகிவிடுகிறாரா என்று பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால், பெரிய மாடலின் 4-பிட்டுக்குப் பதில் சின்ன மாடலின் 8-பிட்டையும் ஓட்டிப் பாருங்கள். 4 பில்லியன் மாடலின் 8-பிட் ஃபைலும், 8 பில்லியன் மாடலின் 4-பிட் ஃபைலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆகவே வேகமும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆங்கிலத்தில் பொதுவாகப் பெரிய மாடல்தான் ஜெயிக்கும். உங்கள் தமிழ், தெலுங்கு ஆவணத்தில் எது ஜெயிக்கிறது என்பதை உங்கள் கண்தான் சொல்ல வேண்டும்.

எதற்கு சிபியு போதாது?

இதையும் நேராகச் சொல்லிவிடலாம். ஐம்பது பேர் ஒரே நேரத்தில் கேள்வி கேட்கும் சேவைக்கு ஆபீஸ் லேப்டாப் சரிவராது. நூறு பக்கக் கட்டை ஒரே மூச்சில் கொடுத்துவிட்டு உடனே பதில் எதிர்பார்க்க முடியாது. மாடலைப் புதிதாகப் பயிற்றுவிக்க ஆபீஸ் லேப்டாப் போதாது. இந்த அளவு மாடல்களுக்குச் சட்ட அறிவு இருக்கிறது என்று நம்பி யோசனை கேட்பதும் ஆபத்து.

ஆனால் ஒரு ஆவணத்திலிருந்து தேதிகளை எடுப்பது, தெலுங்குச் சான்றைத் தமிழில் சுருக்குவது, கடிதத்துக்கு வரைவு எழுதுவது, நூறு ரசீதுகளை ராத்திரி முழுக்க ஓடவிட்டு வகை பிரிப்பது மாதிரியான வேலைகளுக்கு வேகம் பெரிய விஷயமே இல்லை. வினாடிக்கு 5 டோக்கன் என்றாலும் காலையில் வேலை முடிந்திருக்கும். வக்கீல் ஆபீஸ் மட்டுமல்ல, ஆடிட்டர் ஆபீஸ், கிளினிக், பள்ளி, கூட்டுறவுச் சங்கம் என ரகசியம் காக்க வேண்டிய எல்லா இடத்திலும் இப்படிப்பட்ட வேலை குவிந்து கிடக்கிறது.

குப்பத்தில் 1997 முதல் திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும் எல்லை இது. மொழி மாடல்களின் சொற்பட்டியலில் இந்த மொழிகளுக்கு எவ்வளவு இடம் என்பது யாரோ தொலைதூரத்தில் எடுக்கும் முடிவு. அந்த முடிவின் விலையை இங்கே ஒருவர் தன் லேப்டாப் முன்னால் காத்திருக்கும் வினாடிகளாகக் கொடுக்கிறார். எந்த மாடல் அந்த வினாடிகளைக் குறைக்கிறது என்று அளந்து பார்த்துச் சொல்வது, இந்த மொழிகளில் வேலை செய்யும் நம்மால் முடிகிற காரியம்.

சரி, சாயங்காலம் ஆகிவிட்டது. கட்சிக்காரர் வந்துவிட்டார். உங்கள் கையில் தேதிவாரியாக ஒரு பக்கம் இருக்கிறது. வைஃபை அணைத்த லேப்டாப் போட்ட வரைவு, நீங்கள் மூலப் பத்திரத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுத் திருத்தியது. "வெளியே யாருக்கும் அனுப்பலையே?" என்று அவர் கேட்டால், "இல்லைங்க, இந்த மேஜையை விட்டே போகலை" என்று நிஜமாகவே சொல்லலாம்.